ரப்பர் கேள்வி பதில்: நானோ குழாய் போட்டும் டென்சைல் ஏன் விழுந்தது?

சென்ற இதழில் கன்வேயர் பெல்ட் பற்றி எழுதும்போது, "கார்பனுக்குத் துணையாக இப்போது கார்பன் நானோ குழாயும் வந்துவிட்டது" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். கார்பன் என்றால் ரப்பரைப் பலப்படுத்தப் போடுகிற கரி. நானோ குழாய் என்றால் கிராஃபைட் தாளைச் சுருட்டிய மாதிரி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கார்பன் குழல். பெல்ட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதம் கடிதமாக வந்திருக்கிறது. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சப்ளையர் கொடுத்த விளம்பரத் தாளை இணைத்து "இது உண்மையா?" என்று கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் இல்லை. கீழே இருப்பதைப் படித்துவிட்டு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

மேடம், நாங்கள் நைட்ரைல் ரப்பரில் கேஸ்கெட்டும் புஷ்ஷும் செய்கிறோம். ஒரு கிலோ மல்டிவால் (பல சுவர்) நானோ குழாய் வாங்கி, நூறு பங்கு ரப்பருக்கு மூன்று பங்கு வீதம் இரண்டு ரோல் மில்லில் போட்டு ஓட்டினோம். ஹார்ட்னெஸ் ஏறியது. டென்சைலும் (இழுவைப் பலம்) எலாங்கேஷனும் (அறுவதற்குமுன் நீளும் அளவு) முன்பு இருந்ததைவிடக் குறைந்துவிட்டன. 'எஃகைவிடப் பல மடங்கு பலம்' என்று சொல்லி விற்றார்கள். ஏமாந்துவிட்டோமா?
*— அம்பத்தூர் வாசகர்*

விற்றவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் சொன்னது ஒரு குழாயைப் பற்றி, உங்கள் மூட்டையைப் பற்றி அல்ல. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழு எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் தனித்தனிக் குழாயாகப் பிடித்து இழுத்துப் பார்த்தது. வெளிச்சுவர் அறுந்தபோது கணக்கிட்ட பலம் 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை வந்தது. நல்ல எஃகுக் கம்பி இரண்டு, மூன்று கிகாபாஸ்கலில் அறுந்துவிடும். அந்தப் பலம் உங்கள் கேஸ்கெட்டுக்கு வர வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். குழாய்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய வேண்டும். பிரிந்த குழாயை ரப்பர் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் மில்லில் இரண்டுமே நடக்கவில்லை.

சந்தையில் கிடைக்கும் சாதாரண மல்டிவால் குழாயின் விட்டம் ஏறக்குறைய 10 நானோமீட்டர், நீளம் ஒன்றரை மைக்ரான். அதாவது விட்டத்தைப்போல் நூற்றைம்பது மடங்கு நீளம். ஒரு கிராமில் 250 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு இருக்கிறது. நீங்கள் தினமும் போடுகிற என்-330 கார்பனில் ஒரு கிராமுக்கு 80 சதுர மீட்டர் கூட வராது. மூன்று பங்கு குழாயும் பத்துப் பங்கு என்-330-உம் பரப்பளவில் ஏறக்குறையச் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலையில் வளரும்போதே இந்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு உருண்டையாகத்தான் வளர்கின்றன, தவிர மெல்லிய பரப்புகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளவும் செய்யும். சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி. தலையிலாவது எண்ணெய் வைத்தால் சிக்கு எடுக்கலாம். ரப்பரில் எண்ணெயை முதலில் விட்டீர்களோ, காம்பவுண்ட் (ரப்பர்க் கலவை) இளகிவிடும், மில்லின் இழுவை உருண்டைக்குப் போய்ச் சேராது, சிக்கு சிக்காகவே நிற்கும்.

சந்தேகம் இருந்தால் க்யூர் ஆன (சூட்டில் கந்தகமோ பெராக்சைடோ ரப்பர்ச் சங்கிலிகளைப் பிணைத்து முடித்த) ஷீட்டைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்து, அறுத்த முகத்தை நாற்பது மடங்கு லென்ஸில் பாருங்கள். பளபளப்பான முகத்தில் மேடும் பள்ளமுமாகக் கரும்புள்ளி தெரியும். ஐம்பது மைக்ரான் புள்ளி ஒன்று இருந்தாலே போதும், இழுக்கும்போது விரிசல் அங்கேதான் பிறக்கும். டென்சைல் விழுந்த கதை இதுதான். அப்படியானால் ஹார்ட்னெஸ் ஏன் ஏறியது? உருண்டைக்குள் புகுந்த ரப்பர் அங்கேயே சிறைப்பட்டுக் கல் மாதிரி நடந்துகொள்கிறது. போட்டது மூன்று பங்கு, காம்பவுண்ட் உணர்வது அதைவிட அதிகம். ஹார்ட்னெஸ் ஏறிவிட்டது என்பதை வைத்துக் 'குழாய் வேலை செய்கிறது' என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மில்லில் செய்ய வேண்டியது: ரப்பரை மட்டும் ரோலைச் சுற்றிப் பட்டையாக (பேண்ட்) ஓடவிடுங்கள். ரோலுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடட்டும். நிப்பை (ரோல்களின் இடைவெளியை) இறுக்கிக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காம்பவுண்ட் கெட்டியாக, குளிர்ச்சியாக இருக்கும் வரைதான் சிக்கைப் பிய்க்கிற இழுவை கிடைக்கும். பத்து, பதினைந்து பங்கு போட்டு முதலில் ஒரு மாஸ்டர்பேட்ச் (குழாய் செறிந்த முன்கலவை) அடித்து, மெல்லிய நிப்பில் திரும்பத் திரும்ப விட்டு, ஒரு நாள் கிடக்கவிட்டு, பிறகு அதை நைட்ரைலில் கரைத்து மூன்று பங்குக்குக் கொண்டுவாருங்கள். கார்பன், எண்ணெய், ஸ்டீரிக் எல்லாம் அதன் பிறகுதான். மில் மட்டுமே இருக்கிற சின்னப் பட்டறையில் இதற்கு மேல் முடியாது. பொடியை விட்டுவிட்டு, தயாராகப் பிரித்துவைத்த மாஸ்டர்பேட்சையே வாங்குவது உங்களுக்கு மலிவு.

அதற்குப் பிறகும் இரண்டாவது காரியம் பாக்கி. சாதாரணக் கார்பன் துகளின் மேல் படிக விளிம்புகள் உண்டு, ஆக்சிஜன் ஒட்டிய இடங்கள் உண்டு, மேடு பள்ளம் உண்டு. ரப்பர் சங்கிலி பிடித்துக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. நானோ குழாயின் சுவர் கிராஃபைட் தாளைச் சுருட்டியது. வழவழவென்று, எந்த வேதிக்குழுவும் இல்லாமல் இருக்கும். கொஞ்சம் இழுக்கும்வரை பாரத்தை வாங்கும், மேலும் இழுத்தால் ரப்பர் குழாயை விட்டு வழுக்கிவிடும். இந்த வழுக்கலைத் தடுக்கத்தான் மேற்பரப்பை மாற்றுகிறார்கள். அதைப் பற்றி ஒரு மாணவி கேட்டிருக்கிறார், அவருக்குச் சொல்வதைச் சேர்த்துப் படியுங்கள்.

நான் சென்னையில் பாலிமர் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகக் குழாயை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் சூடாக்கி, இயற்கை ரப்பரில் போட்டேன். குழாய் நன்றாகப் பிரிந்தது. ஆனால் க்யூர் நேரம் நீண்டுவிட்டது, மின்கடத்தல் எதிர்பார்த்ததில் கால்வாசி கூட இல்லை. கைடு 'இன்னும் அதிக நேரம் அமிலத்தில் வை' என்கிறார். வைக்கலாமா மேடம்?
*— கல்லூரி மாணவி*

வேண்டாம் அம்மா. கைடிடம் என் பெயரைச் சொல்லாமல் மறுத்துவிடு.

அந்த அமிலக் கலவை என்ன செய்கிறது என்று பார். ஒரு பங்கு நைட்ரிக்குக்கு மூன்று பங்கு சல்ஃப்யூரிக், எல்லாப் பாடத்திலும் இதுதான் இருக்கும். அது குழாயின் முனையையும் வளைவில் இருக்கிற பலவீனமான இடங்களையும் அரித்து, அங்கே கார்பாக்சிலும் ஹைட்ராக்சிலும் நட்டுவிடுகிறது. அதனால் குழாய் தண்ணீரில் பிரியும், அடுத்த வேதிப்பொருள் வந்து பிடிக்கக் கைப்பிடியும் கிடைக்கும். ஆனால் நடுகிற ஒவ்வொரு குழுவும் சுவரில் ஒரு ஓட்டை. மின்சாரம் ஓடுவது அந்தச் சுவர் வழியாகத்தான். நேரம் கூடக்கூடக் குழாய் துண்டு துண்டாக வெட்டுப்படவும் செய்யும். ஒன்றரை மைக்ரான் குழாய் ஐந்நூறு நானோமீட்டர் ஆகிவிட்டால், நீளத்துக்காகத்தானே இத்தனை விலை கொடுத்தோம் என்று கேட்க வேண்டிவரும். ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதை அளக்கும் சோதனை) 1350 பக்கத்தில் வருகிற டி முகடு சேதத்தைக் காட்டும், 1580 பக்கத்தில் வருகிற ஜி முகடு நல்ல சுவரைக் காட்டும். அமிலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டின் விகிதத்தை எடுத்துக் கைடின் மேசையில் வை. அதற்கு மேல் நீ வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

க்யூர் நீண்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, குழாயைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாய். பின்னலுக்குள் அமிலம் மாட்டிக்கொண்டு எளிதில் வெளியே வராது. கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும், ஒரு இரவு நல்ல நீரில் கிடந்த பிறகு மறுபடி பி.எச். பார்க்க வேண்டும். இரண்டு, கார்பாக்சில் குழு தானே அமிலம்தான். கந்தக க்யூருக்குக் காரச் சூழல் பிடிக்கும், அமிலம் அதை மந்தப்படுத்தும். போதாததற்கு ஆக்சிலரேட்டரையும் (க்யூரை வேகப்படுத்தும் பொருள்) துத்தநாகத்தையும் குழாயின் பெரிய பரப்பு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கார்பனுக்குப் பதில் சிலிக்கா போடுகிறவர்கள் இதே தொல்லைக்கு டைஎத்திலீன் கிளைக்காலோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கொஞ்சம் போட்டுச் சமாளிக்கிறார்கள். நீயும் போட்டுப் பார்.

கந்தகத்துக்குப் பதில் பெராக்சைடு வைத்து க்யூர் செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டைகுமில் பெராக்சைடை அமிலம் வேறு வழியில் உடைத்துவிடும், க்யூருக்குத் தேவையான தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிகல்) கிடைக்காது. ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர் காம்பவுண்டில் அமிலக் குழாயைப் போட்டுவிட்டு, 'டார்க் (முறுக்கு விசை) ஏறவே மாட்டேன் என்கிறது' என்று க்யூரை அளக்கும் ரியோமீட்டரைத் திட்டிப் பயனில்லை.

சரி, வேறு என்ன வழி? ப்ராஜெக்டில் முதலில் எழுத வேண்டிய கேள்வி 'எந்த முறை சிறந்தது' என்பது இல்லை, 'எனக்கு வேண்டியது பலமா, மின்கடத்தலா' என்பதுதான். பலம் வேண்டுமானால் லேசான அமிலம், அதன்மேல் சிலேன் (இரண்டு பக்கமும் பிடிக்கிற சிலிக்கான் சேர்மம்). டயரில் சிலிக்காவுக்குப் போடுகிறார்களே அந்த டெட்ராசல்ஃபைடு சிலேன், அதன் ஒரு முனை ஹைட்ராக்சிலைப் பிடிக்கும், நடுவில் இருக்கும் கந்தகம் க்யூரின்போது ரப்பரைப் பிடிக்கும். ஆக்சிஜனே இல்லாத கச்சாக் குழாய்மேல் சிலேன் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எதைப் பிடிக்கும்? எண்ணெய் மாதிரி வழிந்து கிடக்கும், அவ்வளவுதான். பெராக்சைடு காம்பவுண்டாக இருந்தால் கந்தகச் சிலேன் கூடாது, வினைல் சிலேன்தான்.

மின்கடத்தல் வேண்டுமானால் சுவரைத் தொடாதே. இமிடசோலியம் வகை அயனித் திரவம் ஒன்றைக் குழாயோடு சேர்த்துக் கல்வத்தில் அரைத்தால் போதும். திரவத்தின் நேர்மின் அயனி குழாயின் எலெக்ட்ரான் மேகத்தோடு ஒட்டிக்கொண்டு குழாய்களைப் பிரித்துவிடும், ஓட்டை விழாது. இப்படி அரைத்தால் கறுப்பு ஜெல் கிடைக்கிறது என்று 2003-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அதை ரப்பருக்குக் கொண்டுவந்ததில் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இருக்கிற பாலிமர் ஆய்வு நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அல்லைல் குழு வைத்த இமிடசோலியம் குளோரைடைத் தேர்ந்தெடுத்து, ஸ்டைரீன் பியூட்டாடையீன், பியூட்டாடையீன் கலவை ரப்பரில் போட்டார்கள். அந்த அல்லைல் குழுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, க்யூரின்போது கந்தகம் வழியாக ரப்பரோடு சேர வாய்ப்புண்டு என்பதுதான் தேர்வின் சூட்சுமம். அளவு மீறாதே. மீறினால் திரவம் பிளாஸ்டிசைசராக மாறி ஹார்ட்னெஸ்ஸைத் தின்றுவிடும்.

எந்த முறையில் போனாலும் ரப்பர் குழாயைப் பிடித்திருக்கிறதா என்று காட்ட ஒரு எளிய சோதனை செய். க்யூர் ஆகாத காம்பவுண்டைச் சிறு துண்டாக்கி, கம்பி வலைக் கூட்டில் போட்டு, டொலுவினில் சில நாள் ஊறவை. இடையில் டொலுவினை மாற்று. கரையாமல் குழாயோடு ஒட்டி நிற்கிற ரப்பரை உலர்த்தி எடை போடு. கச்சாக் குழாய், அமிலக் குழாய், சிலேன் குழாய் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உன் ப்ராஜெக்ட் பாதி முடிந்தது.

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் நிற்கிறது. இந்த நானோ குழாய் வந்தால் எங்கள் பாலுக்கும் ஷீட்டுக்கும் விலை கூடுமா? பாலிலேயே கலக்கலாம் என்கிறார்களே?
*— குமரி மாவட்ட வாசகர்*

விலை கூடாது ஐயா. உலகத்தில் ரப்பரை அதிகம் விழுங்குவது டயர், டயர்காரர் நானோ குழாய்க்காக ஒரு கிலோ ரப்பர் கூடுதலாக வாங்கப்போவதில்லை. ஒட்டுப்பால் விலை அதைக் கேட்டு நகராது.

பாலில் கலக்கலாம் என்பது உண்மைதான், அழகான வழியும்கூட. கார்பாக்சில் போட்ட குழாய், அம்மோனியா விட்ட பாலின் காரத்தில் எதிர்மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்து நிற்கும். அல்லது சோப்பு மாதிரியான ஒரு பொருளும் அல்ட்ராசவுண்டும் வைத்துக் குழாயைத் தண்ணீரில் பிரித்துப் பாலில் ஊற்றலாம். பிறகு நீங்கள் செய்கிற மாதிரியே ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைக்கலாம், இல்லாவிட்டால் கையுறை போலப் படலமாக உலர்த்தலாம். ரப்பர்த் துகளுக்குள் குழாயால் நுழைய முடியாது, துகளுக்கும் துகளுக்கும் இடையில்தான் போய் நிற்கும். அதனால் கொஞ்சம் குழாயிலேயே வலைப்பின்னல் அமைந்து படலத்தில் மின்சாரம் ஓடும். அந்தப் படலத்தை எடுத்து மில்லில் போட்டு ஓட்டினால் வலை குலைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மரத்துக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. இயற்கை ரப்பரில் ரப்பர் அல்லாத சரக்கும் கொஞ்சம் இருக்கிறதல்லவா, புரதம், பாஸ்போலிப்பிடு என்று? அந்தப் பாஸ்போலிப்பிடில் ஒரு நேர்மின் முனை இருக்கிறது. அது நானோ குழாயைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆய்வகத்தில் அயனித் திரவம் வாங்கிச் செய்கிற வேலையில் ஒரு பங்கை மரமே செய்து வைத்திருக்கிறது. செயற்கை ஐசோப்ரீன் ரப்பருக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

எல்லாம் ஆய்வகத்தோடு முடிகிற கதைதானா? மேற்பரப்பு மாற்றிய குழாய் போட்ட ரப்பரை யாராவது உண்மையில் பயன்படுத்தியிருக்கிறார்களா?
*— ஓய்வுபெற்ற இன்ஜினியர், திருச்சி*

ஒன்று சொல்கிறேன், என் தொழிலோடு நெருங்கிய விஷயம். எண்ணெய்க் கிணறு ஆழமாகப் போகப்போக வெப்பமும் அழுத்தமும் ஏறும். அங்கே இறக்குகிற கருவிக்குள் தண்ணீரும் வாயுவும் புகாமல் நிறுத்துவது ஒரு ஓ-ரிங்தான், அதாவது ஒரு ரப்பர் வளையம். ஃப்ளோரோ ரப்பரில் செய்திருப்பார்கள், 1950-களின் கடைசியில் சந்தைக்கு வந்த சரக்கு, வெப்பத்துக்கு ராஜா. ஆனால் சூடு ஏறினால் இதுவும் இளகும். இளகிய ரிங்கை அழுத்தம் உலோகங்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய இடைவெளிக்குள் பிதுக்கித் தள்ளும், பிதுங்கிய விளிம்பு சீவிக்கொண்டு போகும். கருவியை மேலே தூக்கும்போது அழுத்தம் திடீரென்று இறங்கினால் ரப்பருக்குள் கரைந்திருந்த வாயு விரிந்து, ரிங் உள்ளுக்குள்ளேயே கொப்புளம் கட்டிப் பிளக்கும். ஓ-ரிங் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பிளவின் முகம் மறக்காது. வெளியே சேதமே தெரியாது, குறுக்கே வெட்டினால் நடுவில் நட்சத்திரமாக விரிசல்.

ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகமும் அவர்களோடு சேர்ந்த தொழில்துறையினரும் 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மேற்பரப்பு மாற்றிய மல்டிவால் குழாயை ஃப்ளோரோ ரப்பரில் நன்றாகப் பிரித்துப் போட்டு, 260 டிகிரி செல்சியஸிலும் 239 மெகாபாஸ்கல் அழுத்தத்திலும் தாங்குகிற சீலைக் காட்டினார்கள். 239 மெகாபாஸ்கல் என்றால் இருபத்து நான்கு கிலோமீட்டர் உயரத் தண்ணீரின் பாரம். அவர்கள் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. குழாய்கள் தனித்தனியாக நிற்காமல், ரப்பரைச் சின்னச் சின்ன அறைகளாகச் சூழ்ந்து நிற்கின்றன, ஒவ்வொரு அறையின் சுவரிலும் ரப்பர் குழாயோடு இறுகப் பிடித்திருக்கிறது. ரப்பர் சூட்டில் இளகினாலும் அறை அதை ஓடவிடாது.

இதிலிருந்து விலைக் கணக்கையும் பார்க்கலாம். அந்த ரிங் கிழிந்தால் கிணற்று வேலையே நின்றுபோகும். ரிங் எத்தனை விலை என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டுக்கு அப்படி யாரும் கொடுக்கமாட்டார்கள். ஜெர்மனியின் பாயர் நிறுவனமே 2013-ல் நானோ குழாய்த் தொழிலை விட்டு வெளியேறியது. இன்று தொழிற்சாலைகள் பெரிதாகி இருப்பதற்கு லித்தியம் பேட்டரிதான் முக்கியக் காரணம், ரப்பர்காரர்கள் இல்லை. பேட்டரிக்காரர் புண்ணியத்தில் நமக்கும் கொஞ்சம் விலை இறங்கும்.

கோவையில் ஸ்பின்னிங் மில்லுக்கு டாப் ரோலர் காட்ஸ் (உருளைமேல் மாட்டும் ரப்பர் உறை) செய்கிறோம். பாலியெஸ்டர் ஓடும்போது ஸ்டேட்டிக் (நிலைமின்சாரம்) பிடித்து லேப்பிங் ஆகிறது (இழை உருளையில் சுற்றிக்கொள்கிறது) என்று மில்காரர்கள் புகார். ஆன்டி-ஸ்டேட்டிக் எண்ணெய் போட்டால் கொஞ்ச நாளில் வெளியே கசிந்துவிடுகிறது. நானோ குழாய் உதவுமா?
*— கோயம்புத்தூர் வாசகர்*

உதவும். இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே குழாய்க்குச் சரியாகப் பொருந்துகிற வேலை உங்களுடையதுதான். சாதாரணக் கார்பனை வைத்து மின்சாரம் ஓடவைக்க இருபது, முப்பது பங்கு போட வேண்டும், அதற்குள் உங்கள் ஷோர் ஹார்ட்னெஸ் எங்கேயோ போய்விடும். நன்றாகப் பிரிந்த குழாய் இரண்டு, மூன்று பங்கிலேயே வலையாகத் தொட்டுக்கொள்ளும். உங்களுக்குக் கம்பி மாதிரிக் கடத்த வேண்டாம், பத்து லட்சம் முதல் பத்துக் கோடி ஓம் வரை இருந்தால் நிலைமின்சாரம் மெல்ல இறங்கிவிடும். ஆகவே கடும் அமிலக் குழாய் வேண்டாம், மேலே மாணவிக்குச் சொன்ன அயனித் திரவ முறை உங்களுக்குப் பொருந்தும்.

கவனிக்க வேண்டியது மூன்று. காட்ஸ் கறுப்பாகிவிடும், நிறத்தை வைத்து ரகம் பிரிக்கிற மில்காரர் முதலில் முகம் சுளிப்பார். ரப்பர் பிடிக்காத குழாய் இருந்தால் வெள்ளை நூலில் கரி ஒட்டும், ஆகவே மேலே மாணவிக்குச் சொன்ன டொலுவின் சோதனையை விட்டுவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் காட்ஸை அழுத்தித் தேய்த்தாலே பாதி விஷயம் தெரியும். மூன்றாவது பஃபிங். காட்ஸைச் சாணை பிடிக்கும்போது வருகிற தூள் இனிமேல் வெறும் ரப்பர்த் தூள் இல்லை. பஃபிங் மெஷினுக்கு உறிஞ்சு குழாய் வைக்காமல் இந்தக் காட்ஸை மில்லுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: புதுக் காட்ஸில் ஓம் அளந்துவிட்டு நின்றுவிடாதீர்கள். நெரிபட்டு நெரிபட்டு ஓடிய பிறகு வலை அறுந்து தடை ஏறும். ஓட்டிய காட்ஸைக் கழற்றி வாங்கி அளங்கள்.

நான் மில் ஆப்பரேட்டர். இந்தப் பவுடர் மூட்டையைப் பிரித்தாலே புகை மாதிரிப் பறக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்கிறார் சூப்பர்வைசர். மூச்சுக்குக் கெடுதலா அக்கா?
*— ஸ்ரீபெரும்புதூர் வாசகர்*

போதாது தம்பி. கைக்குட்டையால் ஒன்றும் ஆகாது.

2008-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீளமான, விறைப்பான மல்டிவால் குழாயை எலிகளின் வயிற்றுக்குழிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் இழை உண்டாக்குகிற மாதிரியே அழற்சி வந்தது. குட்டையான, சுருண்ட குழாயில் அப்படி வரவில்லை. 2014-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அந்த விறைப்பு ரகங்களில் ஒன்றை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற ரகங்களைப் பற்றி முடிவு சொல்ல ஆதாரம் போதாது என்று விட்டது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-ல் வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு மைக்ரோகிராம். நீ கண்ணால் பார்க்கிற 'புகை' அதைவிட எத்தனையோ மடங்கு.

முகத்தில் கசிவில்லாமல் பொருந்துகிற என்-95 மாஸ்க் குறைந்தபட்சம். மூட்டையை மில் தலைக்குமேல் கவிழ்க்காதே. உறிஞ்சு கூண்டுக்குள் வைத்துப் பிரி, அல்லது பொடியைப் பையோடு நீடருக்குள் (மூடிய கலவை இயந்திரம்) போடுகிற மாதிரி உருகும் பையில் கட்டி வாங்கச் சொல். தரையைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. ஷிஃப்ட் முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றைப் பிடித்துச் சட்டையைத் தட்டுகிற பழக்கம் நம் பட்டறைகளில் எல்லாருக்கும் உண்டு. அதை இன்றோடு விடு. சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் துணியோடு துவைக்கவும் வேண்டாம். சூப்பர்வைசருக்கு மாஸ்டர்பேட்ச் வாங்கச் சொல்லிப் பார். ரப்பருக்குள் போய்விட்ட குழாய் பறக்காது.

டயர் கறுப்பாக இருப்பது நானோ குழாயால்தானா?
*— ஒன்பதாம் வகுப்பு மாணவர், வேலூர்*

இல்லை கண்ணு. அது சாதாரணக் கார்பன், எண்ணெயை அரைகுறையாக எரித்துச் செய்கிற கரி. ஆரம்பகால டயர்களில் துத்தநாக ஆக்சைடு போட்டதால் வெள்ளையாகத்தான் இருந்தன. கரி போட்டால் ரப்பர் பலப்படும் என்று 1904-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த பிறகு மெல்ல மெல்லக் கறுப்பாகின.

கீழடிப் பானையில் கார்பன் நானோ குழாய் இருந்தது என்று படித்தேன். நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்ததா?
*— தமிழாசிரியர், மதுரை*

பானையில் இருந்தது உண்மை. வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். பானையின் கறுப்புப் பூச்சுக்குள் குழாய்கள் தெரிந்தன. நம் ஊர் உருக்கில் அடித்ததாகச் சொல்லப்படும் டமாஸ்கஸ் வாள் ஒன்றில் 2006-ல் ட்ரெஸ்டன்காரர்களும் கண்டார்கள். தாவரப் பொருளும் அதிகச் சூடும் சேர்ந்த இடத்தில் தானாக அமைந்திருக்கலாம். குயவருக்குத் தெரிந்தது பூச்சு கெட்டியாக நிற்கிறது என்பது. அதுவே பெரிய அறிவு ஐயா, அதற்குமேல் நானோ பட்டம் கட்ட வேண்டியதில்லை.

'ஃபங்ஷனலைஸ்டு' (மேற்பரப்பில் வேதிக்குழு நட்ட) குழாய் என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?
*— பலர்*

'எந்தக் குழு, எவ்வளவு?' என்று கேளுங்கள். கார்பாக்சிலா, ஹைட்ராக்சிலா, அமீனா, சிலேனா? நைட்ரஜனில் சூடாக்கி எடை இழப்பு எடுத்த வரைபடம் கொடுங்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு வெறும் 'ஹை குவாலிட்டி' என்றால் போனை வைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு குழாயின் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள், மாற்றுவதற்கு முந்தைய நீளத்தைத்தான் பலர் தாளில் போடுகிறார்கள். தண்ணீரில் கலக்கி பி.எச். அளந்து பாருங்கள்.

கடைசியாக, அதிகம் பேர் கேட்க மறக்கிற ஒன்று: மிச்சமிருக்கிற உலோகம். குழாயை வளர்க்க இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற வினையூக்கி வேண்டும், கோபால்ட்டோடு மாங்கனீசு சேர்த்து வளர்க்கிற ரகமும் உண்டு. மாங்கனீசும் செம்பும் இயற்கை ரப்பருக்கு எமன். கொஞ்சம் இருந்தாலே ரப்பர் சீக்கிரம் காற்றில் கெட்டுப் பிசுபிசுக்கும் அல்லது விரிசல் விடும். சாம்பல் சதவீதம் மட்டும் போதாது, சாம்பலில் எந்த உலோகம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு 70 டிகிரி அடுப்பில் ஏழு நாள் வைத்த ஷீட்டின் டென்சைலைப் புது ஷீட்டோடு ஒப்பிட்டுவிட்டு இரண்டாவது கிலோவுக்கு ஆர்டர் கொடுங்கள்.